கரைக்காத கல்

வௌவால்பாறை முகாம்,
மேல் டிவிஷன், யட்டியாந்தோட்டை.
08.02.2026

தம்பி தனுஷனுக்கு,

போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று கோகிலா சொல்லித்தான் தெரியும். சரி, போனைத் தடுத்தாய். தபால்காரரை எப்படித் தடுப்பாய்? கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி. கோகிலாவுக்கு வாந்தி நின்றதா? ஆறாம் மாதத்தில் ஈரல் கொடுக்கச் சொல்லி கிளினிக்கில் சொல்வார்கள். நீ வாங்கிக் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல் கருவாட்டோடு சரியா?

நான் இப்போது எங்கே இருக்கிறேன் தெரியுமா? நம்முடைய லயத்து வீட்டுக்கு நேர் மேலே. லயம் என்றா எழுதினேன்? லயம் இருந்த இடத்துக்கு மேலே. நவம்பரில் சரிந்த மண் அப்படியே கிடக்கிறது. கக்கூஸ் சுவர் ஒன்றும் ஈரப்பலா மரம் ஒன்றும்தான் வெளியே தெரிகின்றன. அப்பா அதற்குள் எங்கேயோ இருக்கிறார். ஆமிக்காரர்கள் மண் தோண்டுகிற பெக்கோவை ஏற்றிக்கொண்டு கிறிஸ்மஸுக்கு முன்பே போய்விட்டார்கள்.

அந்தச் சரிவுதான் வௌவால்பாறைக் குகையின் வாயைத் திறந்துவிட்டது. உள்ளே பழைய காலத்துச் சாம்பலும் எலும்புமாக இருக்கிறதென்று கெம்பஸில் புதைபொருள் படிப்பிக்கிறவர்கள் வந்து தோண்டுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைமடுவமும் மண்ணோடு போனதால் எனக்கு வேலை இல்லை. தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன். வாளி வாளியாக மண் வரும். சல்லடையில் போட்டு அலசி, மிஞ்சுகிறதைத் தட்டில் பரப்பி, எது சும்மா கல், எது மனிதன் செய்த கல் என்று பிரிக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிய கை இப்போது கல்லில் கல் பொறுக்குகிறது. சிரிக்காதே.

மனிதன் செய்தது எல்லாம் நகத்தளவு முனைகள். பளிங்குக் கல்லைத் தட்டிச் செய்திருக்கிறார்கள். அம்பு நுனியில் பிசின் வைத்து ஒட்டி, குரங்கும் மரஅணிலும் அடித்துத் தின்றிருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவை என்கிறார் எங்கள் நிரோஷா மேடம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அடி விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு புடைப்புத் தெரியும். பழையதென்றால் விளிம்பு மழுங்கி, மண் சாயம் ஏறியிருக்கும். புதிதாக உடைந்த கல் பளபளக்கும், விரலை வெட்டும். நான் இப்போது பார்த்த உடனே சொல்லிவிடுகிறேன்.

நீ கருமாதிக்கு எடுத்த கல்லும் இந்தக் குகை வாசலில் எடுத்ததுதான். ஆற்றங்கரை முழுக்கச் சேறு, ஒரு கல்லைக்கூடக் காணோம் என்று நீ மேலே ஏறி வந்து அந்த வெள்ளைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனாய். சடங்கு செய்ய வந்த பண்டாரம் அதில் அப்பாவை அழைத்து உட்கார வைத்தார். பாலும் எள்ளும் ஊற்றினோம். அதை ஆற்றில் விடுவதற்கு நீ இறங்கியபோது நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். தோட்டமே பார்த்தது. பார்க்கட்டும். உடம்பைக் கண்ணால் காணாமல் அப்பாவைக் கரைக்க என்னால் முடியாதடா. கரைத்தால் அப்பா செத்துவிட்டார் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி. உடம்பு கிடைக்கட்டும், நானே உன்னோடு தண்ணீரில் இறங்குகிறேன். அதுவரை அந்தக் கல்லை விட்டுவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கோபம் தீராவிட்டாலும் பதில் எழுது.

உன் அக்கா
தர்மிளா


கேகாலை
19.02.2026

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கோகிலா இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். ஈரல் வாங்கிக் கொடுத்தேன், அதையும் எழுதச் சொன்னாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை இழுத்து விழுத்தினீர்கள். பிண்டம் எல்லாம் சிதறிப் போனது. "அப்பாவைக் கொல்லப் பார்க்கிறியாடா?" என்று கத்தினீர்கள். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. மண்ணில் கையை விட்டுத் தோண்டித் தோண்டி நகம் பெயர்ந்தவன் நான். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். எனக்கு மட்டும் அப்பாவை அனுப்ப ஆசையா?

நாங்கள் இருப்பது மீராசாஹிப் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் ஒரே அறை. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் கருமாதிக் கல்லை வைப்பார்களா? மாமியார் கலவானையிலிருந்து தினமும் போன் எடுத்துக் கேட்கிறார். அதனால் அப்பா ரப்பர் பால் எடுக்கிற வாளிக்குள் வைத்து வெளியே படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்குமுன் ஒரு பிளேன்டீயும் ஒரு துண்டு சக்கரையும் வைக்கிறேன். சும்மா வைத்திருக்க மனம் கேட்கவில்லை. அழைத்து உட்கார வைத்த ஆளைப் பட்டினி போட முடியுமா?

இன்னொரு விஷயம். போன வாரம் வாளிக்குள் வெள்ளையாகத் தூள் கிடந்தது. பார்த்தால் கல்லில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த துண்டைக் காணோம். நேற்று இன்னொரு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. கோகிலா எலி என்கிறாள். எலி கல்லையா தின்னும்?

உங்களைக் கேட்காமல் விட மாட்டேன். மூத்த பிள்ளை நீங்கள் இல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஆனால் பிள்ளை பிறக்குமுன் வாருங்கள் அக்கா. இந்தக் கல் இருக்கிற வாசலில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

தனுஷன்


வௌவால்பாறை
06.03.2026

தனுஷன்,

உன் கடிதம் கிடைத்தது. இதை யாரிடமும் காட்டாதே, கோகிலாவிடமும்தான்.

சாயந்தரம் வேலை முடிந்தால் குழியின் தரையைத் தூரிகையால் கூட்டி, படம் எடுத்துவிட்டுத்தான் போவோம். ஒரு தூசி இருக்காது. குகை வாசலில் கம்பிக் கதவு, பூட்டு, வாச்சர். அப்படியிருந்தும் மூன்று வாரமாகக் காலையில் திறந்தால் கூட்டிய தரையில் ஒரு முனை கிடக்கிறது. எப்போதும் ஒன்றுதான். யாரோ அலுங்காமல் வைத்துவிட்டுப் போன மாதிரி.

மேடம் முதலில் எங்களை ஏசினார். பிறகு வாச்சரை மாற்றினார். "யார் விளையாடுறது? எனக்குச் சிரிப்பு வரல்ல" என்றார். தோண்டுகிற பொடியன்மார் யாரும் அதைத் தொடவில்லை. நான்தான் அதைக் கையில் எடுத்தேன், விரலை வெட்டிவிட்டது. மண் சாயம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அன்றைக்குத் தட்டியது, தம்பி.

இப்போது நான் சொல்லப் போவதைப் பொறுமையாகக் கேள். முனையைக் கூராக்க விளிம்பில் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே போவார்கள். வலக்கைக்காரர் தட்டினால் அந்தத் தடங்கள் ஒரு பக்கமாகச் சாயும். குகையில் எடுத்த நூற்றுக்கணக்கான முனைகளும் அப்படித்தான். காலையில் கிடக்கிறவை மட்டும் மறுபக்கம் சாய்கின்றன. இடக்கை. அதுவும் பழக்கமில்லாத கை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தரம் தட்டித் தவறியிருக்கிறது.

அப்பாவை நொட்டாங்கை இராமசாமி என்றுதானே தோட்டத்தில் கூப்பிட்டார்கள்? ரப்பர் மரத்து வெட்டு வலக்கைக்காரனுக்கென்று சாய்ந்திருப்பது. அப்பா மரத்தைச் சுற்றி வந்து, உடம்பை முறுக்கிக்கொண்டு பால் வெட்டுவார். கங்காணி ஏசாத நாள் உண்டா? அந்த முறுக்கல் இந்தக் கல்லில் இருக்கிறது. பார்த்த உடனே அழுதுவிட்டேன். மேடம் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து அனுப்பிவிட்டார்.

அப்பா எங்கேயும் போகவில்லையடா. இருக்கிறார். வேலை செய்கிறார்.

எனக்கு ஒன்று செய்து கொடு. சவர்க்காரக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, கல் பெயர்ந்த பள்ளங்களில் நன்றாக அமுக்கி எடு. அந்த அச்சைத் தபாலில் அனுப்பு. ஒரு சில்லு எந்தத் தாய்க்கல்லிலிருந்து வந்தது என்று இங்கே பொருத்திப் பார்ப்பார்கள், நானும் பழகிவிட்டேன். கல்லை மட்டும் அசைக்காதே. கரைக்கிற பேச்சையே எடுக்காதே.

அக்கா


கேகாலை
15.03.2026

அக்காவுக்கு,

சவர்க்காரக் கட்டியை இதோடு அனுப்புகிறேன். நான்கு பக்கமும் அமுக்கியிருக்கிறேன். தபால் கந்தோர்ப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பா அனுப்புறீங்க? அங்க கடை இல்லையா?" என்று கேட்டாள்.

கல் பாதியாகிவிட்டது. நான் கொண்டுவந்தபோது இரண்டு கையாலும் தூக்கினேன். இப்போது ஒரு கையில் அடங்குகிறது. முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, கடையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி அவரிடம். காலையில் அவரே திறந்தார். உள்ளே வெள்ளைத் தூள், கல்லில் புதுப் பள்ளம், துண்டு இல்லை. "யா அல்லாஹ், இதைக் கொண்டு போங்க தம்பி. ஒங்க வாப்பாவ நான் மதிக்கிறன், ஆனா இது இங்க வேணாம்" என்றார். நல்ல மனிதர்.

கோகிலா கலவானைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, அழுதுகொண்டு போனாள். "ஒங்க அக்காவுக்கு ஒங்க அப்பா வேணும். எனக்கு என் புள்ள வேணும்" என்றாள். அவள் சொன்னதில் என்ன பிழை?

அக்கா, அப்பா இருக்கிறார் என்று எழுதுகிறீர்கள். இருந்தால் இப்படியா இருப்பார்? அந்த மனிதன் ஐம்பது வருஷம் வெட்டினது போதாதா? செத்த பிறகும் உட்கார்ந்து கல் உடைக்க வேண்டுமா? நாம் அவரை இங்கே பிடித்து வைத்திருக்கிறோம். அதை நீங்கள் யோசிக்கவே இல்லை. உங்களுக்கு அவர் கைப்பட்ட ஒன்று காலையில் கிடைக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாருங்கள்.

தனுஷன்


வௌவால்பாறை
04.04.2026

என் தம்பிக்கு,

கோபமில்லை. நீ எழுதியது உறைத்தது.

சவர்க்காரக் கட்டி வந்தது. காலையில் கிடைத்த முனைகளை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பில் விழுந்த புடைப்பும் முனையின் புடைப்பும் அச்சு அசல் ஒன்று. நீ கேகாலையில் வைத்திருக்கிற கல்லிலிருந்துதான் இவை வருகின்றன. இடையில் எத்தனை மலை, எத்தனை பஸ்!

பங்குனி பிறந்ததிலிருந்து காலையில் இரண்டு கிடக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அப்பாவுடையது. மற்றது வலக்கை. அதுவும் உன் கல்லில் செய்ததுதான், ஆனால் என்ன கை அது! ஒரு தட்டுக்கூட வீணில்லை. கண்ணாடி மாதிரி. முதலில் அந்தக் கை ஒன்றைச் செய்கிறது, அப்பா அதைப் பார்த்து அதே மாதிரி செய்கிறார். நாளுக்கு நாள் அப்பாவின் முனை திருந்திக்கொண்டு வருகிறது. அப்பா தனியாக இல்லை என்று முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். குழியின் அடியில், கெட்டியான சாம்பல் படுகைக்குக் கீழே தோண்டினார்கள். அந்தச் சாம்பல் பாறை மாதிரி இறுகியது. அதற்குக் கீழே எலி வளைகூடக் கிடையாது. அங்கிருந்து வந்த வாளியை நான்தான் அலசினேன். ஒரு முனை வந்தது. விளிம்பு மழுங்கி, மண் சாயம் ஊறி, மஞ்சளாகிப்போன பழைய முனை. வெளிச்சத்தில் பிடித்தேன். இடக்கை. தவறித் தவறித் தட்டிய கை. பையிலிருந்த உன் சவர்க்காரக் கட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

மேடம் அதை வாங்கி, பன்னிரண்டாயிரம் வருஷம் என்று பையில் எழுதி ஒட்டிவிட்டார். என்ன சொல்வேன்? இது என் அப்பா செய்தது மேடம், போன வருஷம் தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர் என்றா?

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மண் விழுந்த இடத்தில் நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் அங்கே இல்லை. அவர் எவ்வளவோ தூரம் போய்விட்டார். நான் கையில் வைத்திருந்தது எவ்வளவு பழையது தெரியுமா? அப்பா செத்து ரொம்பக் காலமாகிவிட்டதடா, தம்பி. இத்தனை காலமாகச் செத்துப்போனவரைப் போக விடாமல் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். உன் கையை இழுத்த மாதிரி.

கரைத்துவிடுவோம். புதுவருஷம் கழிந்த சனிக்கிழமை நான் வருகிறேன். நீ கல்லைக் கொண்டு வா, யட்டியாந்தோட்டைப் பாலத்துக்குக் கீழே இறங்குவோம். பண்டாரத்துக்கு நானே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பிண்டம் சிதறாது.

கோகிலாவிடம் சொல், பிள்ளைக்கு மாமி நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன் என்று.

அக்கா


கேகாலை
24.05.2026

அன்புள்ள அக்கா,

பிள்ளையும் தாயும் நல்ல சுகம். மூக்கும் முழியும் உங்களை உரித்து வைத்திருக்கிறது. கத்துவதும் உங்களைப் போலத்தான், கடை வரைக்கும் கேட்கிறது. நீங்கள் அனுப்பிய சட்டைகள் இரண்டு மாதம் போனால் சரியாகும்.

போனில் தினமும் பேசுகிறோமே, பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் கோகிலாவுக்குக் கேட்கும். இது அவளுக்குத் தெரியக்கூடாது.

ஆற்றில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து மனம் எவ்வளவு லேசாக இருந்தது! நீங்களும் நானும் ஒன்றாகக் கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றோமே. பண்டாரம் சொன்னபடி மூன்று தரம், "இராமசாமி, போயிட்டு வாங்க" என்று பெயர் சொல்லித் தோளுக்குப் பின்னால் விட்டோம். திரும்பிப் பார்க்காமல் கரை ஏறினோம். அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டில் ரொட்டி தின்றோம். அன்றைக்கு எனக்கு அப்பாவும் கிடைத்தார், அக்காவும் கிடைத்தாள் என்றுதான் நினைத்தேன். குகையிலும் அதற்குப் பிறகு ஒன்றும் கிடக்கவில்லை என்று நீங்களும் சொன்னீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டில் சீலையை மாற்ற உதறினேன். ஒரு முனை விழுந்தது.

நீங்கள் அன்றைக்குப் பாலத்தடியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நம் கல்தான். அந்த வெள்ளை எனக்குத் தெரியாதா? விளிம்பு பளபளக்கிறது, என் கட்டைவிரலை வெட்டிவிட்டது. தடங்கள் சாய்கிற பக்கத்தைப் பார்த்தேன். அப்பாவுடைய பக்கம் இல்லை. ஒரு தட்டுக்கூட வீணில்லாத கை.

அப்பா போய்விட்டார் அக்கா. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கல்லை நான் குகை வாசலில் தூக்கியபோதே அதில் ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருடைய ஆட்கள் அவரை அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும். அதற்குள்தான் நாம் அப்பாவை அழைத்தோம். நாம் ஊற்றிய பாலை இருவருமாகத்தான் குடித்திருக்கிறார்கள். ஆற்றில் நாம் அப்பாவின் பெயரைச் சொன்னோம், அப்பா போனார். மற்றவரை யாரும் கூப்பிடவில்லை. இருந்த கல்லையும் கரைத்துவிட்டோம். அவர் எங்கே போவார்?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலவானைக்குப் போய் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். அங்கேயும் தொட்டிலில் கிடந்தது. நேற்றுப் பண்டாரத்தைப் போய்ப் பார்த்தேன். இன்னொரு கல் ஊன்றி, அவரை அதில் அழைத்து, முறைப்படி அனுப்பிவிடலாம் என்றார். கையில் எள்ளை எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லு தம்பி" என்றார். தெரியாது என்றேன். "பேரு இல்லாம எப்பிடிப்பா கூப்பிடுறது? பேரு சொன்னாத்தான வருவாங்க, பேரு சொன்னாத்தான போவாங்க" என்று எள்ளைத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டார்.

நீங்கள் ஒரு கல்லைப் பார்த்து எத்தனை வருஷம் என்று சொல்கிறீர்கள். எந்தக் கை என்று சொல்கிறீர்கள். அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மேடத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒரு பெயர் போதும். அப்படி எதுவும் யாருக்கும் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள்.

அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சீக்கிரம் எழுதுங்கள் அக்கா. இன்று காலை வந்த முனையின் ஒரு பக்கத்தை மழுக்கியிருக்கிறார், பிடிப்பவருக்குக் கை வெட்டாதபடி. மிகவும் சின்னது. என் விரலில் அது நிற்கவில்லை. பிள்ளை தூங்கும்போது அவள் கைக்குள் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது.

உங்கள் தம்பி
தனுஷன்